மழையில்லாமல் ஒழுகிய லாரி

எங்கள் லாரி மழையில் ஒழுகாது. ஐப்பசி அடைமழையில் தொப்பூர் கணவாயில் ராத்திரி முழுக்க நின்றிருக்கிறது, கேரளத்து மழையில் ஊறி வந்திருக்கிறது, உள்ளே ஒரு சொட்டு இறங்கியதில்லை. மழையே இல்லாத மார்கழியிலும் தையிலும், அதுவும் எங்கள் வீட்டுப் பக்கம் நிறுத்தியிருந்தால் மட்டும்தான் ஒழுகும். சிரிக்கிறவர்கள் தாராளமாகச் சிரித்துக்கொள்ளலாம். எண்பதுகளின் நடுவில் ஒரு பனிக்காலம் முழுக்க எங்கள் வீட்டில் ஒருவரும் சிரிக்கவில்லை.

ஊர், தருமபுரியிலிருந்து பென்னாகரம் போகிற சாலையில் உள்ளே தள்ளி இருந்தது. கோவில் மணியை வைத்தே நேரம் பார்க்கிற கத்தோலிக்கக் குடியானவர்கள் நாங்கள். வீட்டுக்குப் பெரியப்பாதான் தலைவர். காட்டில் என்ன விதைப்பது, கோவில் திருவிழாவுக்கு என்ன கொடுப்பது, யார் எப்போது பிறந்த வீட்டுக்குப் போகலாம், எல்லாம் அவர் வாயால் சொன்னால்தான் நடக்கும். லாரி அவர் பேரில் இருந்தது. அதை ஓட்டியவர் அவருடைய தம்பியான என் அப்பா. பாலக்கோட்டுத் தக்காளியைச் சென்னைக்கு ஏற்றிப் போவார், புளியைக் கேரளாவுக்கு ஏற்றிப் போவார். போனால் லேசில் திரும்ப மாட்டார். திரும்பினால் கிளீனரை அவன் ஊருக்கு அனுப்பிவிட்டு இரண்டு மூன்று நாள் எங்களோடு இருப்பார்.

வீடு என்றால் ஒரு கூடம், ஒரு அறை, பின்னால் அடுப்பங்கரை, அவ்வளவுதான். அறை பெரியப்பாவுக்கும் பெரியம்மாவுக்கும். கூடத்தில் மிச்சம் எல்லாரும்: கல்யாணமாகாத அத்தை, பெரியப்பா பிள்ளைகள், நான், அம்மா, சுவரோரமாக ராகி மூட்டைகள். காலை நீட்டினால் யார் முகத்திலாவது படும். அதனால் அப்பா ஊரில் இருந்தாலும் லாரியில்தான் படுப்பார். தார்ப்பாயும் கயிறும் ஸ்டெப்னி டயரும் களவு போகாமல் ஒரு ஆள் காவல் இருக்க வேண்டாமா என்று கேட்பார். எங்கள் ஊரில் கோழி திருடக்கூட ஆள் கிடையாது, அது வேறு விஷயம். அம்மா எல்லாருக்கும் சோறு போட்டு, பாத்திரம் கழுவி, ஒரு சொம்பில் சுடுதண்ணீர் எடுத்துக்கொண்டு, "உங்கப்பாவுக்குக் குடுத்துட்டு வர்றன், நீ தூங்கு" என்று சொல்லிவிட்டுப் போவாள். நானும் தூங்கிவிடுவேன். கண் விழிக்கும்போது அவள் அடுப்புப் பக்கம் உட்கார்ந்து ஊதிக்கொண்டிருப்பாள்.

இந்த லாரிக்குக் கேபின் கட்டியது என் மாமா, அம்மாவின் தம்பி. அந்தக் காலத்தில் வெறும் என்ஜினும் அடிச்சட்டமும்தான் வாங்கி வருவார்கள். டிரைவர் உட்காரும் கேபினிலிருந்து பாரம் ஏற்றும் இடம் வரை மற்றதெல்லாம் பட்டறையில் மரத்தால் கட்டித் தகரம் அடிக்க வேண்டும். மீசை முளைக்கும் முன்பே சங்ககிரிப் பக்கத்துப் பட்டறைகளில் சுத்தியல் பிடித்தவர் மாமா. அப்போதுதான் தருமபுரியில் சொந்தமாக ஒரு கொட்டகை போட்டிருந்தார். அதில் அவர் செய்த முதல் வேலை எங்கள் வண்டி. டிரைவர் சீட்டுக்குப் பின்னால் காலை நீட்டிப் படுக்க அகலமாக ஒரு பலகை, மேலே இலவம்பஞ்சு மெத்தை, பலகைக்கு அடியில் துணிமணி, அரிசி, மண்ணெண்ணெய் அடுப்பு எல்லாம் வைக்க மூடி போட்ட பெட்டி. எலி கடிக்காமலிருக்க அந்தப் பெட்டிக்குள்ளும் தகரம் அடித்திருந்தார்.

சும்மா சொல்லக்கூடாது, அழகான வேலை. யாரையும் லேசில் மெச்சாத பெரியப்பாவே வண்டியைச் சுற்றி வந்து பார்த்துவிட்டு, ஈஸ்டர் கழித்து வாங்கப்போகும் இரண்டாவது லாரிக்கும் நீதான் மாப்ளே என்று சொல்லிவிட்டார். அந்த வார்த்தையை நம்பி மாமா வேங்கை மரம் வாங்கிக் கொட்டகை முழுக்க அடுக்கிவிட்டார். புதுப் பட்டறைக்கு இரண்டாவது வேலை என்பது சின்ன விஷயமில்லை. முதல் வண்டியைச் சொந்தக்காரர்கள் இரக்கப்பட்டுக் கொடுத்திருக்கலாம் என்பார்கள். இரண்டாவதும் வந்தால்தான் ஊர் நம்பும். அம்மா அந்தச் சேதி கேட்டதிலிருந்து புதுத் தோடு போட்டவள் மாதிரி தலையை ஆட்டி ஆட்டி நடந்தாள்.

அப்புறம்தான் ஈரம் வந்தது. அப்பா ஊரிலிருந்த ஒரு மார்கழிக் காலையில் மெத்தையைத் தூக்கினால் அடியில் நசநசவென்று இருந்தது. மேல் தகரத்தின் உள்பக்கம் முத்து முத்தாகத் தண்ணீர் நின்றது. பெட்டியைத் திறந்தால் உப்பு கரைந்து வழிந்திருந்தது. தீக்குச்சியை உரசினால் மருந்து கூழாகப் பெட்டியில் ஒட்டிக்கொண்டது. கிறிஸ்துமஸுக்கு எடுத்த அப்பாவின் வேட்டியில் கருப்புக் கருப்பாகப் பூசணம் பூத்திருந்தது.

பெரியப்பா வந்து தகரத்தை விரலால் தடவிப் பார்த்தார். தீர்ப்புச் சொல்ல அவருக்கு எப்போதும் அதிக நேரம் ஆகாது.

"பனி எறங்குது. மூட்டு சரியில்ல. உன் மச்சான் வேல லட்சணம் இதான்" என்று அப்பாவிடம் சொன்னார்.

அம்மா பெரியப்பா முன்னால் நின்று பேச மாட்டாள். புருஷனின் அண்ணன் எதிரில் வருவதுகூட மரியாதையில்லை. கதவுக்குப் பின்னால் நின்று, பெரியம்மா வழியாகத்தான் ஏதாவது சொல்லி அனுப்புவாள்.  அன்று கதவுக்குப் பின்னாலிருந்து மூக்கை உறிஞ்சுகிற சத்தம் மட்டும் எனக்குக் கேட்டது.

மாமா சைக்கிளில் ஓடி வந்தார். தார் காய்ச்சி, மேல் தகரத்தின் மூட்டிலெல்லாம் பூசினார். அடுத்த தடவை அப்பா வந்தபோது ஈரம் அதிகமாகியிருந்தது. மாமா மறுபடி வந்தார். பழைய சைக்கிள் டியூபை நாடா நாடாவாக வெட்டிக் கதவு விளிம்பு முழுக்க ஒட்டினார். ஈரம் இன்னும் அதிகமாயிற்று. கண்ணாடி ஓரத்துக்கு மெழுகு உருக்கி ஊற்றினார். கோவிலில் எரிந்து மிச்சமான மெழுகுவர்த்தித் துண்டுகளை உபதேசியாரிடம் கெஞ்சி வாங்கி வந்தவள் நான்தான். கடைசியில் கேபின் கதவைச் சாத்தினால் காது அடைத்துக்கொள்ளும், எறும்புக்குக்கூட வழியில்லை. அப்பா ஊருக்கு வந்து ஒரு ராத்திரி படுத்தெழுந்தால் மெத்தையைப் பிழியலாம் போலிருக்கும். மாமா கன்னம் ஒட்டிப்போனார். அடைக்க அடைக்க வருகிறதே, இது என்ன பாவம் என்று தலையில் கை வைத்துக்கொண்டு டயர்மேல் உட்கார்ந்துவிடுவார்.

பெரியப்பா பையன்கள் அவருக்கு 'ஒழுவல் மாமா' என்று பேர் வைத்தார்கள். அதைச் சொன்ன முதல் ஆளின் கையைக் கடித்துவைத்தேன். இரண்டாமவன் தூரமாக நின்று சொல்லக் கற்றுக்கொண்டான்.

தை பாதியில் பெரியப்பாவுக்குப் பொறுமை போய்விட்டது. சாப்பாட்டுத் தட்டைத் தள்ளிவிட்டு அப்பாவிடம் சொன்னார்: "வர்ற ஞாயித்துக்கெழம பூச முடிஞ்சு உன் மச்சான வரச்சொல்லு. என் கண்ணு முன்னால தண்ணி ஊத்திப் பாத்துரலாம். ஒழுவுச்சுன்னா ரெண்டாவது வண்டி சங்ககிரிக்குப் போயிரும், சொல்லிப்புட்டன்."

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வரும்போது பனி இன்னும் விலகவில்லை. மாமா சாமியாரிடம் நன்மை அப்பம் வாங்கிய கையோடு நேராக லாரிக்கு வந்தார். பள்ளிக்கூடத்துச் சாக்கட்டியால் கேபினுக்குள் மூட்டு மூட்டாக வெள்ளைக் கோடு போட்டார். எந்த இடத்தில் தண்ணீர் இறங்கினாலும் அங்கே கோடு கரைந்து காட்டிக்கொடுத்துவிடும். உள்ளே ஒருத்தர் டார்ச்சோடு படுத்துப் பார்க்க வேண்டும், ஆனால் பெரிய ஆள் புரண்டால் கோடு அழிந்துவிடும் என்றார். நான் விடுவேனா? யாரும் பேர் சொல்வதற்கு முன்பே உள்ளே ஏறிப் பலகையில் படுத்துக்கொண்டேன். மாமா கதவைச் சாத்தினார். பையன்கள் தொட்டியில் கிடந்த ஜில்லென்ற தண்ணீரைக் குடம் குடமாகத் தூக்கி மேலே கொட்ட ஆரம்பித்தார்கள்.

தகரத்தில் தண்ணீர் விழுகிற சத்தம் காதைப் பிளந்தது. நான் டார்ச்சை ஒவ்வொரு கோடாக அடித்துப் பார்த்தேன். கோடு போட்டது போட்டபடி இருந்தது. "ஒண்ணுமில்ல மாமா" என்று கத்தினேன். அவருக்குக் கேட்டதோ இல்லையோ. பயல்களுக்கோ தண்ணீர் கொட்டுவதில் குஷி, நிறுத்துகிற வழியாக இல்லை. கொஞ்ச நேரத்தில் எனக்கு அலுத்துப்போயிற்று. ஜெபம் சொன்னேன், பாட்டுப் பாடினேன். கண்ணாடி வெள்ளையாக மங்கியிருந்தது. விரலால் ஒரு சிலுவை போட்டேன், பக்கத்தில் ஒரு மாம்பழம் வரைந்தேன்.

கதவு திறந்ததும் நான் ராணி மாதிரி இறங்கினேன். "ஒரு சொட்டு இல்ல! ஒரே ஒரு சொட்டு இல்ல!" பெரியப்பாவே தலையை உள்ளே விட்டு, என் கையிலிருந்து டார்ச்சைப் பிடுங்கி அடித்துப் பார்த்தார். வெள்ளைக் கோடு எங்கும் கலையவில்லை. அவர் தலையை வெளியே எடுக்கும்போது அவருக்கே கொஞ்சம் ஏமாற்றம்தான். தொட்டியடியில் குடத்தோடு நின்றிருந்த அம்மா முந்தானையால் முகத்தைத் துடைப்பதுபோல் சிரிப்பை மறைத்தாள். மாமா ஜெயித்துவிட்டார், இரண்டாவது லாரி அவருக்குத்தான் என்று நான் குதித்தேன்.

"சரி, மேலருந்து வரல. அப்ப தண்ணி எங்கிருந்துதான் வருது?" என்றார் பெரியப்பா.

மாமா கதவுக்குக் கிட்டே வந்தார். கண்ணாடியையே பார்த்துக்கொண்டிருந்தார். வெளியிலிருந்து விரலால் என் மாம்பழத்தைத் துடைத்தார், போகவில்லை. கதவைத் திறந்து உள்பக்கம் துடைத்தார், போய்விட்டது. விரலில் பட்ட ஈரத்தைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"இத யாரு கண்ணு வரைஞ்சது?"

"நாந்தான். மாம்பழம்."

"வாத்தாட்டம் இருக்குது" என்று சொல்லிவிட்டுச் சிரித்தார். ஒரு மாதமாக நான் பார்க்காத சிரிப்பு. அதே சிரிப்போடு அப்பா பக்கம் திரும்பினார். "மச்சான், லைன்ல போறப்ப கண்ணாடிய எறக்கி வுட்டுத்தான படுப்பீங்க?"

"ஆமா. அங்கெல்லாம் ஒரே புழுக்கம், காத்து வேணுமில்ல" என்றார் அப்பா.

"இங்க?"

"இங்க சாத்திக்குவன். குளிருதில்ல."

"அதாங்க! வெளிய இருந்து எறங்கவே இல்ல. மூச்சுத்தானுங்க! வெளிய போவ வழியில்லாம மூச்சுக்காத்துதான் தகரத்துல பட்டுத் தண்ணியா நிக்குது. ஆனா மச்சான், ஒரு ஆளு மூச்சுக்கு இத்தன தண்ணி..."

அதோடு நின்றுவிட்டார். ஓடுகிற வண்டியில் பிரேக் அடித்த மாதிரி நின்றுவிட்டார். அப்பா குனிந்து முன் டயரை ரொம்ப அக்கறையாகப் பார்க்க ஆரம்பித்தார். அத்தை சேலை முனையை வாயில் வைத்துக்கொண்டு வீட்டுக்குள் ஓடினாள். தொட்டியடியில் அம்மா குடத்தைக் கீழே வைத்துவிட்டாள். அவள் முகத்திலிருந்த சிரிப்பு போய், கழுத்துவரை சிவந்து, தலை குனிந்திருந்தது. அவளை அப்படி நான் பார்த்ததே இல்லை. மாமா அவளை ஒரு தடவை பார்த்தார்.

"என்னா மாப்ள, பாதியில நிறுத்திட்ட? ஒரு ஆளு மூச்சுக்கு என்னா?" என்று பெரியப்பா விடாமல் கேட்டார். எதையும் ஊருக்கு நடுவில் நிறுத்திக் கேட்டே பழகியவர்.

மாமா வேட்டியை இறுக்கிக் கட்டிக்கொண்டார். "ஒண்ணுமில்லீங்க. நான் ஏதோ ஒளர்றன். என் வேலதானுங்க தப்பு. தகரத்துக்கு அடியில காயாத பச்ச மரத்த வெச்சு அடிச்சுட்டனுங்க. அது தண்ணி வுடுது. இன்னிக்கே சரி பண்ணித் தந்தர்றனுங்க."

எனக்கு வந்ததே கோபம். "பொய்யி! மாமா பொய் சொல்றாரு! இப்பத்தான் மூச்சுன்னு சொன்னாரு!" என்று சீட்டின்மேல் ஏறி நின்று கத்தினேன். அம்மா எங்கிருந்துதான் அவ்வளவு வேகமாக வந்தாளோ, என் தொடையில் கிள்ளிய கிள்ளு ஒரு வாரம் கன்றிப்போயிருந்தது.

சாயங்காலத்துக்குள் மாமா செய்த வேலை இன்னும் கூத்து. ஒட்டிய ரப்பரையெல்லாம் உரித்துப் போட்டார். பலகைக்குப் பக்கத்தில் இரண்டு பக்கமும் உயரத்தில் ஓட்டை போட்டு, கொசுவலைக் கம்பி அடித்து, மழை அடிக்காமலிருக்க மேலே தகரத்தால் ஒரு புருவம் வைத்தார். மெத்தைக்கு அடியில் இடைவெளி விட்டுச் சின்னச் சின்ன ரீப்பர் கட்டைகளை அடித்தார். பெட்டியின் பக்கவாட்டிலும் ஓட்டை போட்டார். மேல் தகரத்துக்கு உள்ளே சாக்குத் துணியும் அதன்மேல் மெல்லிய பலகையும் வைத்தார். "ஒழுவற வண்டிக்கு ஓட்ட போடறவன இன்னிக்குத்தான் பாக்கறன்" என்று பெரியப்பா வருகிறவர் போகிறவரையெல்லாம் கூப்பிட்டுக் காட்டிச் சிரித்தார். மாமாவும் கூடச் சேர்ந்து சிரித்தார்.

அதற்குப் பிறகு அந்த வண்டியில் ஈரம் வரவே இல்லை. தீக்குச்சி ஒரே உரசலில் பற்றியது. அப்பா பழையபடி காவல் இருந்தார். அம்மா பழையபடி சுடுதண்ணீர் எடுத்துப் போனாள்.

ஆனால் இரண்டாவது லாரி சங்ககிரிக்குப் போய்விட்டது. பச்சை மரத்தை வைத்து அடித்தேன் என்று தன் வாயால் ஒத்துக்கொண்டவனிடம் எப்படி நம்பிக் கொடுப்பது என்று பெரியப்பா கேட்டார். அவர் கேட்டதில் தப்பும் இல்லை. சந்தையிலும் டீக்கடையிலும் அவர் இதைச் சொல்லவும், வேறு லாரிக்காரர்களும் மாமா பட்டறைப் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை. வேங்கை மரமெல்லாம் மாட்டுவண்டிச் சக்கரமாகவும் பள்ளிக்கூட பெஞ்சாகவும் போயிற்று. மாமாவுக்குப் பேசியிருந்த கல்யாணமும் தள்ளிப்போனது. எனக்கு அம்மாமேல்தான் ஆத்திரம். தம்பிக்காக ஒரு வார்த்தை பேசவில்லை. அவர் வந்தால் மட்டும் கோழி அடித்து, ஈரலைத் தனியாக எடுத்துவைத்து அவர் இலையில் போடுகிறாள். மாமாமேலும் ஆத்திரம்தான். நன்மை வாங்கிய வாயால், அதுவும் ஞாயிற்றுக்கிழமையில், தன் தலையில் தானே மண்ணைப் போட்டுக்கொள்ள ஒரு மனுஷர் பொய் சொல்வாரா? பாவசங்கீர்த்தனத்தில் சாமியாரிடம், எங்கள் மாமாவின் பாவத்தை நான் சொல்லலாமா என்று கேட்டேன். அவர் பாவத்தை அவரே சொல்லிக்கொள்வார், நீ யாரையும் கடிக்காமல் இரு என்றார் சாமியார்.

ரொம்ப வருஷம் கழித்து எனக்குக் கல்யாணமாகி, ஓசூரில் ஒற்றை அறை வாடகை வீட்டில் குடியிருந்தோம். ஒரு தை மாதக் காலையில் எழுந்து பார்க்கிறேன், சாத்திய ஜன்னல் கண்ணாடியின் உள்பக்கம் தண்ணீர் கோடு கோடாக இறங்கிக்கொண்டிருந்தது. அடியே என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். அந்தப் பெரிய குடும்பத்தில் என் அப்பாவும் அம்மாவும் தனியாக நாலு வார்த்தை பேசிக்கொள்ள அந்தப் பலகையளவு இடம்தான் இருந்திருக்கிறது. பெரியப்பாவுக்கு முன்னால், பிள்ளைகளுக்கு முன்னால், அது இரண்டு பேருடைய மூச்சு என்று மாமா எப்படிச் சொல்வார்? சொல்லியிருந்தால் அவர் பட்டறை பிழைத்திருக்கும். அம்மா அந்த வீட்டில் தலை நிமிர்ந்து நடந்திருக்க மாட்டாள். எனக்கு அழுகையாக வந்தது. என் வீட்டுக்காரர் பதறிப்போய் என்ன என்று கேட்டார். எங்கிருந்து ஆரம்பித்துச் சொல்வது!

ஆனால் இந்தப் புத்தியெல்லாம் பின்னால் வந்தது. எட்டு வயதில் எனக்குத் தெரிந்ததெல்லாம், அடுத்த ஐப்பசியில் எனக்கு ஒரு தம்பி பிறந்தான் என்பதுதான்.

ஞானஸ்நானத்துக்கு யார் ஞானத்தகப்பன் என்று பேச்சு வந்தபோது, பெரியப்பா வழக்கம்போல் தன் மைத்துனர் பேரைச் சொன்னார். அப்பா அண்ணன் பேச்சைத் தாண்டியவரில்லை. அன்று சோற்றைப் பிசைந்துகொண்டே, தலையைத் தூக்காமல், "இவனுக்கு இவன் மாமன்தாங்க அண்ணா" என்றார். பச்சை மரம் வைத்து அடித்தவனா என்று பெரியப்பா கேட்டதற்கு, "அவன்தாங்க" என்று திரும்பவும் சொன்னார். அவ்வளவுதான் பேச்சு. 

கோவிலில் மாமா தம்பியை இரண்டு கையாலும் ஏந்தி நின்றார். பசாசையும் அதன் பொய்களையும் விட்டுவிடுகிறீர்களா என்று சாமியார் கேட்டார். விட்டுவிடுகிறேன் என்று மாமா கொஞ்சமும் கூசாமல் சொன்னார். நான் முன்வரிசையில் நின்று அவரை முறைத்தேன். அப்பா, ஊர் முழுக்கப் பார்த்துக்கொண்டிருக்க, மாமாவின் தோளில் கை போட்டுக்கொண்டார். அம்மா முக்காட்டை இழுத்து விட்டுக்கொண்டு தேம்பித் தேம்பி அழுதாள். தன் தம்பி கோவிலிலேயே இப்படிப் புளுகுகிறானே என்று வெட்கத்தில் அழுகிறாள் என்றுதான் நான் நினைத்தேன்.